தேயிலைப் பொட்டலமும் ஒரு கையெழுத்துச் செய்தித்தாளும்

டோங்குவான்
22 நவம்பர் 1998

லான்சி,

நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்கப் போவதில்லை. போட்டியில் முதல் பரிசு வாங்கியவள் நலமாக இல்லாமல் வேறு எப்படி இருப்பாள்?

நம் ஊர் சுன்யான் விடுப்பு முடிந்து நேற்று தொழிற்சாலைக்குத் திரும்பினாள். பெட்டியை வைத்தும் வைக்காததுமாக என்னிடம் ஓடி வந்தாள். "யின்ஹுவா, ஒன் படத்த டவுன்ல பண்பாட்டு மன்றத்துச் சொவத்துல மாட்டியிருக்காங்கடி! ஜனம் முண்டியடிச்சுப் படிக்குது!" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பள்ளி மாணவர்களுக்கு 'நம் நாட்டுத் தேநீர்ப் பண்பாடு' என்று, பெரிய தாளில் கையால் எழுதி வரையும் கையெழுத்துச் செய்தித்தாள் போட்டி வைத்தார்களாம், உன்னுடையதுதான் முதலாவதாம். நீ எழுதிய பத்தியை அவள் ஒரு தாளில் பார்த்தெழுதியே கொண்டு வந்திருந்தாள். அதை உனக்கே திருப்பி எழுதுகிறேன், படி.

'எங்கள் துங் இன மக்களிடையே, மாப்பிள்ளை வீட்டுத் தேயிலையைப் பெண் வீட்டார் கைநீட்டி வாங்கிக்கொண்டால் நிச்சயம் முடிந்தது. பெண்ணுக்குப் பிடிக்காவிட்டால் அவளுக்கு ஒரே வழிதான் உண்டு. காய்ந்த தேயிலையை ஒரு பொட்டலமாகக் கட்டிக்கொண்டு, தன்னந்தனியாக மாப்பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டும். கூடத்து மேஜைமேல் அதை வைத்து, பெரியவர்களிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டும். வாசல் தாண்டிவிட்டால் நிச்சயம் முறிந்தது, பிறகு யாரும் ஒரு சொல் சொல்லக்கூடாது. உள்ளேயே பிடிபட்டால் அன்றைக்கே பன்றி அடித்துக் கல்யாணம்.'

இதுவரைக்கும் சரி. ஊரறிந்த வழக்கம். ஆனால் அதற்குக் கீழே என்ன எழுதியிருக்கிறாய்? 'இப்போது கடற்கரை நகரங்களில் வேலை செய்யும் பெண்கள், ஆண்கள் எல்லாரும் எருமைச் சண்டை பார்க்கப் போயிருக்கும் நாளில், எண்ணெய்க்கொட்டைத் தோப்பு வழியாகப் பின்பக்கம் வந்து...'

அடிப்பாவி! எருமைச் சண்டை நாள், தோப்பு வழி, பின்பக்கம் எல்லாம் என் கோடைக்காலக் கடிதத்தில் இருந்தவை. உனக்கு மட்டும் எழுதியது. அம்மாவுக்குக்கூடச் சொல்லாதது. அது போதாதென்று, சட்டையில் தொழிற்சாலை அட்டை குத்திய ஒரு பெண்ணை வேறு வரைந்திருக்கிறாய். இடது கண்ணுக்குக் கீழே இருக்கும் மச்சத்தைக்கூட விட்டுவைக்கவில்லையாமே!

இப்போது அங்கே நடப்பது தெரியுமா? எனக்கு நிச்சயம் செய்த மாவ்லின் வீட்டில் காவல் போட்டிருக்கிறார்களாம். அவன் அப்பாவான மாமா, அவருடைய தம்பிகள், தம்பி மகன்கள் என்று மாற்றி மாற்றி முன்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்களாம். நாயைத் தோப்புப் பக்கம் கட்டியிருக்கிறார்களாம். நான் இரண்டு வருடமாக எனக்குள்ளேயே வைத்திருந்த திட்டத்தை வண்ணப் பென்சிலால் தீட்டிச் சுவரில் மாட்டிவிட்டாய். நான் இனி எந்த முகத்தோடு, எந்த வழியாக வருவது?

பரிசாக என்ன கொடுத்தார்கள்? பேனாவா? நன்றாக எழுது.

யின்ஹுவா

*

வட்ட நடுநிலைப் பள்ளி விடுதி
3 டிசம்பர் 1998

அக்கா,

பேனா இல்லை. ஒரு வண்ணப்பெட்டியும், சட்டம் போட்ட ஒரு பாராட்டுத் தாளும் கொடுத்தார்கள். நீ கேட்டதால் சொல்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்து எனக்கு அழுகை வரும் என்று நினைத்திருந்தால் அது நடக்கவில்லை. கோபம்தான் வந்தது. ஆமாம், நான்தான் எழுதினேன். யாருக்குப் பயப்பட வேண்டும்?

எங்கள் வகுப்பில் வந்த தாள்களை நீ பார்த்திருக்க வேண்டும். எல்லாத் தாளிலும் அதே ஆறு வகைத் தேயிலை, அதே ஆறு வண்ணக் கட்டங்கள். எல்லாவற்றிலும் காலண்டரிலிருந்து ஒற்றியெடுத்த ஒரே கெண்டி, ஓரத்தில் மேகம் மேகமாக ஒரே கரை. ஜியாங் டீச்சர் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு மேஜைமேல் போட்டார். "எல்லாரும் ஒரே புத்தகத்தப் பாத்து எழுதிட்டு வந்து நிக்கிறீங்க. ஒங்க வீட்ல யாரும் டீயே குடிக்கிறதில்லையா?" என்றார். எனக்குச் சுருக்கென்று தைத்தது. நம் வீட்டில் தேயிலை வேறு எதற்கெல்லாம் ஆகிறது என்று எனக்குத் தெரியாதா? எழுந்து நின்று, "டீச்சர், தேயிலையத் திருப்பிக் குடுக்கிறத எழுதலாமா?" என்று கேட்டேன். அவர் வெளியூர்க்காரர், அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை. "அது என்னது? எழுது, எழுது" என்றார்.

பென்சிலால் கோடு போட்டு, தூரிகைப் பேனாவால் எழுதி, கோட்டை எல்லாம் வேகவைத்த ரொட்டித் துணுக்கால் ஒற்றி எடுத்தேன். மேகக் கரை போடவில்லை. பொட்டலம் கட்டும் சணல் கயிறு தாளைச் சுற்றி ஓடி, மூலையில் முடிச்சு விழுவது போல வரைந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த உருப்படியான காரியம் அதுதான். நீ அதைப் பார்க்காமலேயே திட்டுகிறாய்.

நான் உன்னைக் காட்டிக் கொடுத்தேன் என்கிறாயே, விட்டுவிட்டு ஓடியது யார்? கொடியில் துணி காய்ந்துகொண்டிருக்கும்போதே பேருந்து ஏறிப் போனாய். போகிற போக்கில் அந்தப் பொட்டலத்தை வைத்துவிட்டுப் போயிருக்கலாமே! தேயிலை திரும்பாதவரைக்கும் நம் வீடு அவர்கள் வீட்டுக்குக் கட்டுப்பட்டதுதான். நடவு வந்தால் அப்பாவும் அம்மாவும் முதலில் அவர்கள் வயலில் இறங்குகிறார்கள், அப்புறம்தான் நம் வயல். பண்டிகைக்குப் பண்டிகை மாவ்லினின் அம்மா, அதுதான் அத்தை, அரிசிப் பணியாரக் கூடையோடு வருகிறாள். உனக்குப் பதிலாக நான்தான் தேயிலையை எண்ணெயில் வறுத்துத் தேநீர் கலந்து, இரண்டு கையாலும் நீட்ட வேண்டும். அவள் கிண்ணத்தை வாங்கிக்கொண்டே என்னைத் தலையிலிருந்து கால்வரை அளக்கிறாள். சந்தையில் மாட்டைப் பார்க்கிற மாதிரி.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். அறுவடைக்குப் பிறகு, ஊர் மொத்தமும் முரசு மண்டபத்தில் இருக்கும்போது, மாமா அப்பாவிடம் சொன்னார்: "பெரியவ புத்தாண்டுக்குள்ள வரலேன்னா சின்னவள அனுப்பு. வாங்குன தேயிலைக்கு ஒரு பொண்ணு வந்தாகணும்ல?" அப்பா தலையைச் சொறிந்தார். அவ்வளவுதான் நம் அப்பா. அம்மா வீட்டுக்கு வந்து அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எனக்கு ஜூனில் உயர்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு. புத்தாண்டு பிப்ரவரியில்.

இதை ஏன் அப்போதே எழுதவில்லை என்று கேட்பாய். எழுதினால் நீ என்ன செய்வாய்? 'பொறு, வருகிறேன்' என்று எழுதுவாய். போன வருடமும் அதைத்தான் எழுதினாய், அதற்கு முந்தைய வருடமும். அதனால்தான் சுவரில் எழுதினேன். அங்கே எழுதியது உனக்குக் கேட்டுவிட்டது, பார்.

பெரிய அளவில் புதிதாக எழுதித் தரச் சொல்லியிருக்கிறார் டீச்சர். மாநிலப் போட்டிக்கு அனுப்பப் போகிறாராம். ஒரு வரியைக்கூட எடுக்க மாட்டேன்.

லான்சி

*

டோங்குவான்
13 டிசம்பர் 1998

லான்சி,

இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே உன் கடிதத்தைப் படித்தேன். ஒரு கரடிப் பொம்மைக்கு இரண்டு இடது கண்களை ஒட்டிவிட்டேன். வரிசைத் தலைவி எல்லார் முன்னாலும் அதைத் தூக்கிக் காட்டி, "இது யாரு பெத்த புள்ள?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏன் சொல்லவில்லை? ஏன் சொல்லவில்லை, ஏன்? நான் உன் அக்காவா, இல்லை வழியில் போகிறவளா? உனக்குப் பதினைந்து வயது. உன்னைக் கேட்கிறார்களா? மாமாவுக்கு வெட்கமாக இல்லையா? அப்பாவுக்கு வாய் இல்லையா?

என் கோபம் இப்போது எந்தப் பக்கம் திரும்புவது என்றே தெரியவில்லை. அதனால் உன் பக்கமே திருப்புகிறேன். நீ செய்து வைத்திருப்பதைப் பார். நான் அந்த வீட்டுக்குள் கால் வைத்தால் பிடித்து என்னை மணமகளாக்குவார்கள். வைக்காவிட்டால் உன்னை ஆக்குவார்கள். அளவுகோல் வைத்துக் கோடு போட்டு, வந்த வழி போகிற வழி இரண்டையும் அடைத்துவிட்டாய்.

அந்தப் பத்தியை எடு. கெஞ்சவில்லை, சொல்கிறேன். பெரிய தாளில் பச்சைத் தேயிலையைப் பற்றி எழுது, பீங்கான் கிண்ணம் வரை. 'இந்த வழக்கம் இப்போது ஒழிந்துவிட்டது' என்று ஒரு வரி போட்டுவிடு. மாமா வீட்டார் அதைப் படித்துவிட்டுக் காவலைத் தளர்த்தட்டும்.

இங்கே கிளம்பி வா என்று எழுத ஆரம்பித்து அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். வராதே. என் பக்கத்துக் கட்டிலில் உன் வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள். வேறு யாருடைய அடையாள அட்டையையோ வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தவள். பசை நெடியில் அவளுக்குச் சோறு இறங்குவதில்லை. பெயர் என்ன என்று கேட்டால் அட்டையிலிருக்கிற பெயரைச் சொல்கிறாள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அதையே சொல்கிறாள். நீ இங்கே வரக்கூடாது. நீ தேர்வுதான் எழுத வேண்டும்.

அந்தப் பத்தியை மட்டும் எடுத்துவிடு.

அக்கா

*

வட்ட நடுநிலைப் பள்ளி விடுதி
26 டிசம்பர் 1998

அக்கா,

நீ சொன்னபடி எடுத்துவிடத்தான் போனேன். சத்தியமாக.

"டீச்சர், அந்தப் பத்திய எடுத்துடவா?" என்று கேட்டேன். "ஏன்?" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன், உன் பெயர் உட்பட. அவர் முகம் சிவந்துவிட்டது. பிறகு, "எடுக்கணும்னா எடு. ஒன்னோட தாள். ஆனா எடுத்தா அவங்க காவல எடுத்துருவாங்களா?" என்று கேட்டார்.

விடுதிக்கு வந்து யோசித்தேன். எடுக்க மாட்டார்கள். படித்தது படித்ததுதான். பச்சைத் தேயிலையைப் பற்றி நான் பக்கம் பக்கமாக எழுதினாலும் மாமா முன்கூடத்திலிருந்து எழுந்து போகப் போவதில்லை. அப்படியானால் அவரை எழுப்ப வேறு ஏதாவது செய்ய வேண்டும் அல்லவா?

அதனால் எடுக்கவில்லை. பக்கத்தில் ஒரு படம் சேர்த்தேன்.

நடுவில் ஒரு மேஜை. மேஜைமேல் ஒன்றுமே இல்லை. அதைச் சுற்றி ஆண்கள். ஒருவர் காவடிக் கம்பை ஈட்டி மாதிரி பிடித்திருக்கிறார். ஒருவர் மீன் கூடையை விரித்து வைத்திருக்கிறார். ஒருவர் இரும்புச் சட்டியைத் தலையில் கவிழ்த்திருக்கிறார். ஒருவர் உத்தரத்தில் தொங்குகிறார். நாய் மேஜைக்கு அடியில் தூங்குகிறது. கீழே அழகான எழுத்தில் எழுதினேன்: 'ஒரு பெண் வருகிறாளாம். கையில் கொஞ்சம் தேயிலை இருக்குமாம். பலத்த காவல்!' யார் பெயரும் போடவில்லை. இந்தத் தடவை மச்சமும் இல்லை.

மாநிலத்துக்கு அனுப்புவதற்கு முன் ஒரு சந்தை நாளுக்கு அதைப் பண்பாட்டு மன்றத்தின் வெளிச்சுவரில், காய்கறிக்காரர்கள் உட்காரும் படிக்கட்டுப் பக்கம் மாட்டினார்கள். அன்றைக்கு நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். தோஃபு விற்கிற அம்மா மாமாவைப் பார்த்து, "என்னண்ணே, பொட்டலம் வந்துச்சா? மாசக்கணக்கா ஒக்காந்து கால் மரத்துப் போயிருக்குமே! நம்மூரு வங்கிக்கே இவ்வளவு காவல் கெடையாது!" என்றாள். படிக்கட்டு முழுக்கச் சிரிப்பு. சின்னப் பிள்ளைகள் வைக்கோலைக் காகிதத்தில் சுற்றி அவர்கள் முன்கூடத்தில் எறிந்துவிட்டு ஓடுகிறார்களாம். ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் துரத்திக்கொண்டு ஓட, ஊரே வேடிக்கை பார்க்கிறதாம். பெரிய தம்பிக்கு எருமையைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறதாம், காவலுக்கு வருவதில்லை. சின்னவருக்கு முதுகு வலியாம். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டிருக்கிறார்கள் என்று அம்மா ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள். 'ஏன்டி இப்படி மானத்த வாங்குற' என்றும் சொல்லி அனுப்பினாள்.

மாமா பள்ளிக்கே வந்துவிட்டார். தலைமையாசிரியர் அறையில் என்னை நிறுத்தினார்கள்.

"யாரு மூஞ்சிடி இது, சட்டி கவுத்தது?"

"யாரோ ஒருத்தர் மாமா. ஏன், ஒங்கள மாதிரி இருக்கா?"

தலைமையாசிரியர் சட்டென்று சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மாமாவுக்கு நரம்பு புடைத்துவிட்டது. "ஒங்க அக்கா வரட்டும், அன்னிக்கி பாத்துக்கிறேன். வரலேன்னா ஒன்னயப் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போகும்வரை இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நின்றேன்.

புத்தாண்டு நெருங்குகிறது அக்கா. எருமைச் சண்டை நாளை மறந்துவிடு, அன்றைக்குத்தான் எல்லாரும் உன்னை எதிர்பார்க்கிறார்கள். நீ எந்த நாள் வருகிறாய்?

லான்சி

*

டோங்குவான்
6 ஜனவரி 1999

லான்சி,

எந்த நாள் என்று உன்னிடம் சொல்லவா? சொன்னால் அடுத்த தாளில் தலைப்புச் செய்தியாகப் போடுவாய். பெரிய எழுத்தில், நிழல் கொடுத்து.

உன் படத்தைப் பற்றிச் சுன்யானுக்கும் கடிதம் வந்திருக்கிறது. இங்கே நம் வட்டத்துப் பெண்கள் எல்லாரும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் ஒரு விஷயம் கேட்டேன், சிரிப்பு நின்றுவிட்டது. மாவ்லினைச் சந்தையில் 'தேயிலை மாப்பிள்ளை' என்று கூப்பிடுகிறார்களாமே! அவன் இப்போது சந்தைக்கே வருவதில்லையாமே!

அவன் என்ன தப்புச் செய்தான்? தேயிலையை அனுப்பியது அவன் அப்பா, வாங்கியது நம் அப்பா. அவன் காவலுக்கு உட்கார்ந்ததே இல்லை என்று சுன்யானே சொன்னாள். எனக்கு அவனைப் பிடிக்கவில்லை என்பது வேறு, அவன் தலைகுனிந்து நடப்பது வேறு. உனக்கு இந்த வித்தியாசம் தெரியவில்லை. தூரிகை கையில் கிடைத்துவிட்டால் எல்லார் முகத்திலும் மை பூசலாம் என்று நினைக்கிறாய்.

இதையும் சொல்லிவிடுகிறேன். கேலி செய்து காவலைக் கலைத்தாய், சரி. ஆனால் அவமானப்பட்ட மனிதன் இன்னும் இறுக்கிப் பிடிப்பான். இப்போது நான் பிடிபட்டால் அந்த வீட்டில் என் நிலைமை என்ன ஆகும் என்று யோசித்தாயா? உனக்கு அது ஒரு படம். எனக்கு அது வாழ்க்கை.

விடுப்புக் கேட்டிருக்கிறேன், தருவார்களா என்று தெரியாது. வருவேனா என்றும் தெரியாது. பயமாக இருக்கிறது. இதை யாரிடமாவது சொன்னால் தோலை உரித்துவிடுவேன்.

நாளைக் கேட்டு எழுதாதே. பதிலும் எழுதாதே. படி.

யின்ஹுவா

*

வட்ட நடுநிலைப் பள்ளி விடுதி
3 பிப்ரவரி 1999

அக்கா,

வந்துவிட்டுப் போயிருக்கிறாய்!

இறுதி ஆண்டு மாணவர்களுக்குச் சிறப்பு வகுப்பு என்று எங்களை மட்டும் இங்கே அடைத்து வைத்திருக்கிறார்கள். கணக்கு வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். சமையல்கார அம்மா சன்னலுக்கு வெளியிலிருந்து கையை ஆட்டி, "ஏய் லான்சி! ஒங்க அக்கா வெச்சிட்டா! பொட்டலத்த வெச்சிட்டாடி!" என்று கத்தினாள். வகுப்பு மொத்தமும் எழுந்து நின்றது. கணக்கு வாத்தியார்கூட, "எங்க? யாரு?" என்று கேட்டார். நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன்.

ஊர் முழுக்க இதே பேச்சு. நட்ட நடுப்பகலில், முன்வாசல் வழியாகவே போனாயாம். தோப்பும் இல்லை, பின்பக்கமும் இல்லை. வீட்டில் அத்தை மட்டும் இருந்தாளாம், உன் கையை எட்டிப் பிடித்துவிட்டாளாம். தேயிலை வறுத்துக்கொண்டிருந்த எண்ணெய்க் கை, அதனால் வழுக்கிவிட்டதாம். அத்தை போகிற வருகிற எல்லாரிடமும் கையை விரித்துக் காட்டி இதையே சொல்லி அழுகிறாளாம். மாமா அவள்மேல் பாத்திரத்தை எறிந்தாராம். ஆனால் வாசல் தாண்டியாகிவிட்டது, வழக்கம் வழக்கம்தான். மறுநாளே நம் வீட்டுக்கு வந்து, "திரும்பிடுச்சு. இனி ஒங்களுக்கும் எங்களுக்கும் ஒண்ணுமில்ல" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அப்பா அன்றைக்கு இரண்டு கிண்ணம் அரிசிச் சாராயம் குடித்தாராம். மண்டபத்தில் பெண்கள் உன்னைப் பற்றிப் பாட்டே கட்டியிருக்கிறார்களாம்.

சந்தோஷமா என்று கேட்கிறாயா? எரிகிறது எனக்கு. பேருந்து நிலையம் எங்கள் பள்ளி வாசலைத் தாண்டித்தான் இருக்கிறது. வரும்போதும் அதைத்தான் தாண்டியிருப்பாய், போகும்போதும் அதைத்தான். இரண்டு வருடமாக உன்னைப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை! வாசல் காவலரிடம் பெயரைச் சொன்னால் ஓடி வந்திருப்பேனே! அவ்வளவு வெறுப்பா என்மேல்?

ஜியாங் டீச்சர் அடுத்த தாளுக்கு முழுப் பக்கம் ஒதுக்கித் தருகிறேன் என்கிறார். 'அந்தப் பெண் எப்படித் தப்பினாள்?' என்று தலைப்பே சொல்லிவிட்டார். வட்டமே படிக்கக் காத்திருக்கிறது. என்ன நடந்தது என்று எழுது. எழுதவாவது செய்.

லான்சி

*

டோங்குவான்
11 பிப்ரவரி 1999

லான்சி,

என்ன நடந்தது என்று எழுதுகிறேன். படித்துவிட்டு அடுப்பில் போடு. இதில் ஒரு வரி உன் தாளில் வந்தால், எனக்குத் தங்கையே இல்லை.

நேராக முன்வாசல் வழியாகத்தான் போனேன். முன்கூடத்தில் யாரும் இல்லை. காலி முக்காலிகள் மட்டும் வரிசையாகக் கிடந்தன. அது உன் படம் செய்த வேலை, ஒப்புக்கொள்கிறேன். உள்ளே போய்ப் பொட்டலத்தை மேஜைமேல் வைத்தேன். அத்தை அடுப்புப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு தேயிலை வறுத்துக்கொண்டிருந்தாள். "அத்தை, ஒங்களுக்கும் மாமாவுக்கும் பணிவிடை செய்ய எனக்குக் குடுத்து வெக்கல. வேற நல்ல மருமகளாப் பாத்துக்குங்க" என்றேன்.

அவள் திரும்பினாள். ஒரே எட்டில் வந்து என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். எண்ணெயாவது ஒன்றாவது! இரும்புப் பிடி. முடிந்தது என்று நினைத்தேன். மாமாவின் தம்பி வீடு கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது, ஒரு குரல் கொடுத்தால் போதும்.

குரல் கொடுக்கத்தான் செய்தாள். "நன்றி கெட்டவளே! எங்க வீட்டுப் படி ஏறி எங்க மூஞ்சியிலயே எறியுறியா? ஒன்ன விட மாட்டேன்டி!" என்று ஊரே கேட்கும்படி கத்திக்கொண்டு என்னை இழுத்தாள். உள்பக்கம் இழுக்கிறாள் என்று நினைத்துத் திமிறினேன். அப்புறம்தான் தெரிந்தது, வாசல் பக்கம் இழுக்கிறாள். கத்தல் நிற்கவே இல்லை. நிலைப்படிக்கு வந்ததும் இன்னொரு கையை முதுகில் வைத்து ஒரே தள்ளு. படியில் உருண்டேன். அந்த ஒரு நொடி மட்டும் குரல் இறங்கியது: "ஓடுடி. பாலம் தாண்டுற வரைக்கும் திரும்பாத." மறுபடி உச்சத்தில்: "வழுக்கிடுச்சே! ஐயோ, தப்பிச்சிட்டாளே!"

ஏன் செய்தாள் என்று எனக்குத் தெரியாது. கேட்க நேரமும் இல்லை. பேருந்தில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பார்த்தேன், ஐந்து விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தது. இரண்டு வருடமாக அவளைத்தான் அதிகமாகத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இது வெளியே தெரிந்தால் மாமா அவளை வீட்டில் வைக்க மாட்டார். பாத்திரத்தோடு நிற்காது. உனக்குப் புரிகிறதா? இது என் ரகசியம்கூட இல்லை, அவளுடையது.

உன் பள்ளி வாசலில் நின்றேன். ஊருக்குப் போகும்போது இல்லை, திரும்பி வரும்போது. உள்ளே எல்லாரும் சேர்ந்து ஏதோ பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தீர்கள். அதில் உன் குரல் எது என்று தெரியவில்லை. உன்னைப் பார்த்திருந்தால் முதலில் ஓங்கி ஓர் அறை விட்டிருப்பேன், அப்புறம் உன்னைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பேன். பேருந்து போயிருக்கும், வேலையும் போயிருக்கும். வெறுப்பு என்று எழுதியிருக்கிறாயே, கழுதை.

அக்கா

*

வட்ட நடுநிலைப் பள்ளி விடுதி
14 மார்ச் 1999

அக்கா,

கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். சமையல்கார அம்மா, "காதல் கடிதமாடி?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

முழுப் பக்கமும் எழுதினேன். ஊர் சொல்கிறபடியே எழுதினேன். அத்தையைக் கரடி மாதிரி வரைந்தேன், தடித்த கை, பிதுங்கிய கண். 'அந்த அம்மாள் பாய்ந்து பிடித்தார். எண்ணெய்க் கை வழுக்கிவிட்டது. இல்லாவிட்டால் அன்றைக்கே பன்றி அடித்திருப்பார்கள்.' அவ்வளவுதான். ஜியாங் டீச்சர் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "முடிவு சப்புன்னு இருக்கே லான்சி. எண்ணெயில வழுக்கிச்சாம்! நீ எழுதுன மாதிரியே இல்ல. வேற ஏதோ நடந்திருக்கணுமே?" என்றார். "வேற ஒண்ணும் இல்ல டீச்சர்" என்றேன். மாநிலத்துக்கு அனுப்பிய பெரிய தாளுக்கும் பரிசு கிடைக்கவில்லை. ஒரு சான்றிதழ்கூட இல்லை. பெட்டிக்கடைக்காரர் மகன் வரைந்த ஆறு வகைத் தேயிலைக்கு ஆறுதல் பரிசு கொடுத்திருக்கிறார்கள். நாள் முழுக்க எனக்கு அவனைக் கடிக்க வேண்டும் போல இருந்தது.

நுழைவுத் தேர்வுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். அப்பாவே கையெழுத்துப் போட்டார், இந்தத் தடவை தலையைச் சொறியாமல். மாவ்லின் மறுபடி சந்தைக்கு வருகிறான். நீ சொன்னது சரிதான், அவனைப் படத்தில் நான் நினைக்கவே இல்லை. சென்ற வாரம் பார்த்தபோது வணக்கம் சொன்னேன். அவனும் சொன்னான்.

நேற்று சந்தை நாள். தாள் வெளிச்சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. அத்தைக்குப் படிக்கத் தெரியாது அல்லவா, மாவ்லினை நிறுத்தி முழுக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வாசித்து முடித்ததும் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். தோஃபுக் கடை முதல் உப்புக் கடை வரை கேட்கிற மாதிரி பிடித்துக்கொண்டாள்.

"என்னயக் கரடியா வரைஞ்சிருக்கியே! வெக்கமில்ல? அந்த எண்ண மட்டும் இல்லாம இருந்திருந்தா ஒங்க அக்கா இந்நேரம் என் வீட்டு அடுப்ப ஊதிக்கிட்டு இருப்பா! எழுதத் தெரிஞ்சா என்ன வேணா எழுதுவியா? இதுக்கு மேல ஒரு எழுத்து எழுதின, கைய ஒடிப்பேன்!"

அப்படி ஒரு திட்டை நான் வாங்கியதே இல்லை. ஜனம் கூடிவிட்டது. தலையை நன்றாகக் குனிந்துகொண்டு நின்றேன். அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இரண்டு பேருமே மாட்டிக்கொண்டிருப்போம்.

லான்சி